நானூறு பேரின் அளவு நோட்டு: ஜோப்ளின் செயலியுடன் பதினான்கு மாதம்

"வலது தோள் அரை இஞ்சு இறக்கம். கைக்குழியைத் தளர விட வேண்டும். பின் கழுத்தை ஒன்பதுக்கு மேல் இறக்கினால் உடுத்த மாட்டார். உள்தையலில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்சு துணி விடவும், மருந்து சாப்பிடுவதால் உடம்பு ஏறி இறங்கும்."

என் அலைபேசியில் உள்ள ஒரு குறிப்பு இது. பெயரையும் எண்களையும் மட்டும் எடுத்துவிட்டேன். இதைப் போல முந்நூற்றுத் தொண்ணூறு சொச்சம் குறிப்புகள் இருக்கின்றன. திருச்சி உறையூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்துப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. கத்தரிக்கோல் மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம், மெஷின் நின்றால் பழுது பார்க்க ஆள் இருக்கிறார். அளவு போய்விட்டால் கடையே இல்லை. அதனால்தான் ஒரு குறிப்புச் செயலியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2020 வரை காகித நோட்டில்தான் எழுதினேன். நீல அட்டை போட்ட நீள நோட்டுகள், மொத்தம் ஏழு. ஊரடங்கு நாட்களில் கடை மூடியிருந்தபோது, வாடிக்கையாளர்கள் துணியை வீட்டு வாசலில் வைத்துவிட்டு அளவைத் தொலைபேசியில் சொன்னார்கள். கையில் அலைபேசி இருந்தது, அதிலேயே எழுதத் தொடங்கினேன். வாங்கும்போதே அதில் இருந்த குறிப்புச் செயலி. கழுத்து வடிவத்துக்குப் படமும் சேர்க்கலாம் என்று தெரிந்த பிறகு காகித நோட்டுப் பக்கம் போகவே இல்லை.

2024 அக்டோபர் 9, புதன்கிழமை. தீபாவளிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. காலையில் அலைபேசி தானாக அணைந்து எழுந்து, மறுபடியும் அணைந்து எழுந்துகொண்டே இருந்தது. பழுது பார்க்கும் கடையில் இருந்த தம்பி, "சாஃப்ட்வேர் புதிதாக ஏற்ற வேண்டும் அக்கா, உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், பேக்கப் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை. அமைப்புகளில் பேக்கப் என்ற பொத்தான் பச்சையாக எரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

மாலையில் அலைபேசி திரும்பி வந்தது. தொடர்பு எண்கள் வந்தன. படங்கள் வந்தன. குறுஞ்செய்திகள்கூட வந்தன. குறிப்புச் செயலியைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு சின்னப் பென்சில் படம், அதன் கீழே "குறிப்புகள் இல்லை" என்ற வரி.

என்ன நடந்தது என்பது பிறகு புரிந்தது. அலைபேசியின் பொதுவான பேக்கப் என்பது வேறு, அந்தந்தச் செயலிக்குள் இருக்கும் தரவு என்பது வேறு. ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பிலிருந்து செயலிகளின் தரவையும் தானாகச் சேமிக்கும் வசதி உண்டு. ஆனால் அதில் சேருவதா வேண்டாமா என்பதைச் செயலியை உருவாக்கியவர்கள் முடிவு செய்கிறார்கள். சேர்ந்தாலும் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் இடம். கழுத்து வடிவப் படங்களோடு இருக்கும் என் அளவு நோட்டுக்கு அது கைக்குட்டையில் புடவை மடிப்பது போன்றது. இன்னொன்றும் உண்டு: அலைபேசியை 57 நாட்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கூகுள் வைத்திருக்கும் அந்தப் பேக்கப்பே அழிக்கப்படும். பழுதான அலைபேசியை அலமாரியில் போட்டுவிட்டு "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பழைய குறிப்புச் செயலிக்கோ தனிக் கணக்கு ஒன்றில் நுழைந்து ஒத்திசைவை, அதாவது குறிப்புகளை இணையத்தில் உள்ள இடத்தோடு சேர்த்து ஒரே மாதிரி வைப்பதை, தொடங்கியிருக்க வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு நாளும் நான் அதைச் செய்யவில்லை.

அந்தத் தீபாவளியை எப்படிக் கடந்தோம் என்பதை விவரமாகச் சொல்லப் போவதில்லை. பலர் அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலரை நேரில் வரச் சொல்லி டேப் பிடித்தேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தங்கை, ஊரிலிருந்து யாராவது போகும்போதெல்லாம் என்னிடம் தைத்து வாங்கிக்கொள்பவர், வீடியோ அழைப்பில் தன் தோழியை அளவெடுக்கச் சொல்லி ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். மார்பு 36, இடுப்பு 31, தோள் 14, உயரம் பதினாலரை. கைச்சுற்றைத் தோழி எங்கே பிடித்தார் என்பது எனக்குத் தெரியவில்லை, அந்த ஜாக்கெட் கையில் இறுகிவிட்டது.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 2022-ல் அவருக்கு இடப்பக்க மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு முதல் முறை வந்தபோது, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து நிதானமாக எல்லாம் சொன்னார். தழும்பு எதுவரை இருக்கிறது, எந்தத் துணி உரசினால் எரிகிறது, உள்ளே வைக்கும் பஞ்சுக்கு எவ்வளவு ஆழமாகப் பை தைக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். "இனி நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை அம்மா, துணியை மட்டும் கொடுத்தனுப்புங்கள்" என்றேன். அந்தக் குறிப்பும் போய்விட்டது. அவரிடம் மறுபடியும் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. சொன்னார். நான்தான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

தீபாவளி முடிந்த வாரம் அண்ணன் மகள் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள். அவளிடம் மூன்று கேள்விகளைக் கேட்டேன். அலைபேசி ஆற்றில் விழுந்தாலும் குறிப்பு திரும்ப வருமா? வேறு யாரும் அதைப் படிக்க முடியாமல் வைக்க முடியுமா? நீ இல்லாத நாளில், யாரையும் கேட்காமல், அதை நானே திரும்பக் கொண்டுவர முடியுமா?

முதலில் கூகுள் கீப்பைக் காட்டினாள். 2013-ல் வந்த செயலி, நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். எளிமைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. எழுதியவுடன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. புது அலைபேசியில் அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் அங்கே இருக்கும். மளிகைப் பட்டியலுக்கும் பால் கணக்குக்கும் இன்றும் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. எழுதியவர் மட்டுமே திறக்கக்கூடிய முழுப் பூட்டு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான மறையாக்கம், அதில் இல்லை. குப்பைக்குப் போன குறிப்பு ஏழு நாளில் அழிந்துவிடும். நம் தரவை இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் என்ற சேவை வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம், நல்ல வசதிதான். ஆனால் இறக்கியதை மறுபடியும் கீப்புக்குள் ஏற்ற வழி வைக்கவில்லை. வெளியே போகும் வாசல் இருந்து உள்ளே வரும் வாசல் இல்லாத வீட்டில் மற்றவர்களின் உடம்புக் கணக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலில் பலருக்கு உண்டு. அந்த வழியில் அளவைத் தேடி எடுப்பதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பிறகுதான் ஜோப்ளின் வந்தது. லோரன் கோசிக் என்ற நிரலாளர் தொடங்கிய செயலி. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ராக்டைம் இசைக்குப் பெயர் பெற்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் ஸ்காட் ஜோப்ளின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். என் கடையில் பில் போடுவதற்கு ஒரு பழைய கணினி இருக்கிறது, அதிலும் ஓடுகிறது.

இது மற்ற செயலிகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்றால், குறிப்பை எங்கே சேமிப்பது என்று நம்மையே கேட்கிறது. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் என்று பல இடங்கள் உண்டு. அவர்களே கட்டணத்துக்குத் தரும் ஜோப்ளின் கிளவுட் என்ற சேவையும் உண்டு. நான் டிராப்பாக்ஸை எடுத்தேன். இலவசக் கணக்கில் 2 ஜிபி இடம் தருகிறார்கள். என் குறிப்புகளும் படங்களும் சேர்ந்து இதுவரை 600 எம்பியைத் தாண்டவில்லை.

பூட்டு விஷயத்தில் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றிச் செய்யக் கூடாது. முதலில் ஒரே ஒரு கருவியில், என் விஷயத்தில் அலைபேசியில், மறையாக்கத்தை இயக்கி, முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒத்திசைவை ஓடவிட்டு, முழுவதும் முடியும் வரை காத்திருக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் இரண்டாவது கருவியில் செயலியைத் திறந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் இயக்கினால் சாவிகள் இரண்டாகி வீண் குழப்பம். அண்ணன் மகள் இதைச் சொன்னபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. லைனிங்கை முதலில் வெட்டி, நனைத்து, காயவைத்த பிறகுதானே மேல்துணியோடு சேர்க்கிறோம்.

முடித்துவிட்டு டிராப்பாக்ஸை உலாவியில் திறந்து பார்த்தேன். ஜோப்ளின் கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரங்கள்தான். ஒன்றைத் திறந்தேன். உள்ளேயும் அதே போல எழுத்தும் எண்ணும் நெரிந்து கிடந்தன. எங்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. யாருடைய பெயரும் இல்லை, யாருடைய இடுப்பளவும் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துத்தான் நான் ஜோப்ளினில் தங்குவதென்று முடிவு செய்தேன்.

ஆனால் இந்தப் பூட்டுக்கு விலை உண்டு. முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் ஜோப்ளின் நிறுவனத்தாலோ டிராப்பாக்ஸாலோ வேறு யாராலோ அதை மீட்டுத் தர முடியாது. குறிப்புகள் ஏற்கெனவே திறந்து கிடக்கும் கருவி ஒன்றாவது கையில் இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் முடிந்தது. என் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் ஒன்று, தஞ்சாவூரில் இருக்கும் தங்கை வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். காகிதத்தில் எழுதி வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். என் தொழிலுக்கு இதுதான் சரி. என் பீரோவை உடைத்துக் கடவுச்சொல்லைத் திருடப்போகும் ஆளைவிட, எனக்கு மறதி வரும் நாள்தான் அருகில் இருக்கிறது.

இனி முக்கியமான இடம். எல்லாம் சேமிக்கப்பட்டுவிட்டது என்று எந்தச் செயலியும் சொல்லும். பச்சைப் பொத்தானை ஒருமுறை நம்பியது போதும். அதனால் நவம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை நாளில், அம்மா முன்பு வைத்திருந்த ஓரம் உடைந்த பழைய அலைபேசியை எடுத்து எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனேன். என் அலைபேசி தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் மகளை அழைக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட விதி.

ஜோப்ளினை நிறுவினேன். டிராப்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒரு குறியீட்டைப் பெற்று ஒட்டச் சொன்னது, ஒட்டினேன். ஒத்திசைவுப் பொத்தானைத் தொட்டவுடன் எண்கள் ஓடத் தொடங்கின. ஐந்து நிமிடத்தில் குறிப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் சாவிப் படமும் "பூட்டப்பட்டது" என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லும் மட்டுமே. இருநூறு வரிகளுக்கு மேல் ஒரே சொல். அந்த நேரத்தில் வயிற்றைக் கலக்கியதை மறைக்கப் போவதில்லை. மேலே ஒரு பட்டை தோன்றி, கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொன்னது. கொடுத்தேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலிருந்து ஒரு வரி மாறியது. ஆனந்தி, உறையூர் என்றது. அடுத்து இன்னொன்று. பாத்திமா, பாலக்கரை. பிறகு மூன்று நான்காகத் திறந்துகொண்டே போயின. படங்களும் சேர்ந்து முழுவதும் இறங்க வீட்டு வைஃபையில் நாற்பது நிமிடம் ஆனது. இறங்கும்வரை காத்திருந்து, நான் தேடிப்போனது ஒரே ஒரு குறிப்பைத்தான். பையின் ஆழம் இரண்டேகால் இஞ்சு, மென்பருத்தி லைனிங், இடப்பக்க டாட் போடக் கூடாது. இருந்தது.

ஒரு செயலியை மதிப்பிட எனக்கு இதைவிட வேறு அளவுகோல் தெரியவில்லை. அழகு, வேகம், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் ஒத்திசைவும் பேக்கப்பும் ஒன்றல்ல. இதை நான் உணர்ந்து சொல்கிறேன், ஏனென்றால் என் நாத்தனார் உட்படப் பலரும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஒத்திசைவு என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே ஒரு குறிப்பை அழித்தால் அங்கேயும் அழியும். ஜோப்ளினின் 3.0 பதிப்பிலிருந்து குப்பைத் தொட்டி வந்திருக்கிறது, அழித்தவை தொண்ணூறு நாள் அதில் இருக்கும். ஒரு குறிப்பின் பழைய வடிவங்களும் அதே தொண்ணூறு நாள் பாதுகாக்கப்படுகின்றன. ஒருவரின் அளவை இன்னொருவரின் பெயரில் தவறாக மாற்றிவிட்டால், கணினியில் பழைய வடிவத்தைத் திறந்து மீட்டுக்கொள்ளலாம். சேமிப்பிடம் ஏதோ காரணத்தால் காலியாகிவிட்டால், அதைப் பார்த்து அலைபேசியில் இருப்பதையும் துடைத்துவிடாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பும் உண்டு. அதை அணைக்காதீர்கள். இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான், ஆனாலும் பேக்கப் ஆகாது.

பேக்கப்புக்கு ஜோப்ளினில் உள்ளது ஜெக்ஸ் என்ற கோப்பு. அமைப்புகளில் ஏற்றுமதிப் பகுதிக்குப் போய் ஒரு பொத்தானைத் தொட்டால், எல்லா நோட்டுகளும் குறிப்புகளும் படங்களும் குறிச்சொற்களும் ஒரே கோப்பாக வந்துவிடும். அலைபேசியிலேயே செய்யலாம், கணினி தேவையில்லை. ஞாயிறுதோறும் அந்தக் கோப்பை எடுத்து ஒரு பென்டிரைவில் போடுகிறேன். பென்டிரைவ் கடையில் இருப்பதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் கிரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதி இருக்கிறது. அலைபேசி, டிராப்பாக்ஸ், வீட்டு பீரோவில் பென்டிரைவ் என்று என் ஏற்பாடு அதற்குப் பொருந்துகிறது. கணினிச் செயலியில் தானாகப் பேக்கப் எடுக்கும் நீட்சியும், அதாவது செயலியோடு இணையும் ஒரு கூடுதல் வசதியும், சேர்ந்தே வருகிறது. பில் கணினி ஓடும் நாட்களில் நாளுக்கு ஒருமுறை அது தன் வேலையைச் செய்துவிடுகிறது.

ஜெக்ஸ் கோப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது பூட்டப்படாத கோப்பு. டிராப்பாக்ஸில் அத்தனை பத்திரமாக இருப்பது, ஏற்றுமதி செய்தவுடன் யார் கையிலும் திறக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதை மின்னஞ்சலில் அனுப்புவது, வாட்ஸ்அப்பில் போடுவது, பழுது பார்க்கும் கடையில் கொடுக்கும் அலைபேசியில் விட்டுவைப்பது எதுவும் கூடாது. பென்டிரைவுக்கு மாற்றியவுடன் அலைபேசியிலிருந்து அழித்துவிடுகிறேன். கணினி நீட்சியில் கடவுச்சொல் போடும் வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். இரண்டு, ஏற்கெனவே குறிப்புகள் இருக்கும் ஜோப்ளினுக்குள் ஜெக்ஸ் கோப்பை இறக்குமதி செய்தால் எல்லாம் இரட்டிப்பாகும். ஒரே பெண்மணிக்கு இரண்டு அளவு, எது புதியது என்று தெரியாத நிலை, தைப்பவருக்கு அதைவிட ஆபத்து கிடையாது. காலியான கருவியில் மட்டுமே இறக்க வேண்டும்.

நாளை ஜோப்ளினே இல்லாமல் போனால்? கணினியில் எல்லாக் குறிப்பையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, மார்க்டவுன் வடிவில், ஏற்றுமதி செய்ய முடியும். எந்தக் கணினியிலும் உள்ள சாதாரண நோட்பேடிலேயே அவை திறக்கும். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் வேலை குறைவாக இருக்கும்போது, அதையும் எடுத்து வைக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அலைபேசியில் செயலி திறந்திருக்கும்போதுதான் ஒத்திசைவு நடக்கிறது. எழுதிய கையோடு மூடி வைத்துவிட்டால், அடுத்த முறை திறக்கும் வரை அந்தக் குறிப்பு அலைபேசியில் மட்டுமே இருக்கும். நான் ஷட்டர் இறக்குவதற்கு முன், மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, ஒத்திசைவுப் பொத்தானைத் தொட்டு, முடிந்தது என்று வரும் வரை நிற்கிறேன். மின்விசிறியை அணைப்பது போல அதுவும் கை வழக்கமாகிவிட்டது. வழக்கம் ஆகாதவர்களுக்கு இந்தச் செயலி ஒத்துவராது.

குறிப்பைத் தொட்டவுடன் நேராக எழுத முடியாது. முதலில் படிக்கும் வடிவில் திறக்கும், பென்சிலைத் தொட்ட பிறகுதான் எழுத வரும். டேப் ஒரு கையிலும் அலைபேசி மறு கையிலும் இருக்கும்போது அந்த ஒரு தொடுதல் உறுத்துகிறது. ஆனால் தவறிப் பட்டு எண் மாறாமல் இருப்பதும் அதனால்தான், ஆகவே பொறுத்துக்கொள்கிறேன். அட்டவணை போடலாம் என்றார்கள். அலைபேசியில் கோடு கோடாகக் குறி போட்டு அட்டவணை கட்டுவது தையலில் இடது கையால் ஊக்கு வைப்பது போல. நான் வரி வரியாகவே எழுதுகிறேன். கடையிலும் வீட்டிலும் ஒரே குறிப்பை ஒத்திசைவுக்கு முன் மாற்றிவிட்டால், ஒன்றை மற்றொன்றால் அழிக்காமல், முரண்பட்டவை என்று தனி நோட்டில் போட்டுத் தருகிறது. நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேலைதான், ஆனால் நேர்மையான வேலை.

முதல் முறை அமைப்பது எளிதல்ல. பொத்தான்களின் பெயர்கள் புதியவர்களைத் திகைக்க வைக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு தையல்காரப் பெண்களுக்கு நான் அமைத்துக் கொடுத்தேன். ஒருவர் இன்றும் பயன்படுத்துகிறார். மற்றவர் ஒரு மாதத்தில் காகித நோட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு நான் சொன்னது, மாதம் ஒருமுறை நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவையுங்கள் என்பதுதான். அதுவும் பேக்கப்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குறிப்புக்குள்ளேயே விரலால் வரைந்து சேர்க்கலாம். பின் கழுத்தில் பானை வடிவமா, வைரமா, முடிச்சுக் கயிறு எத்தனை இஞ்சு கீழே என்பதை வாடிக்கையாளர் எதிரிலேயே வரைந்து, இப்படியா அம்மா என்று காட்டுகிறேன். அவர்களே விரலை வைத்துத் திருத்துகிறார்கள். அந்தக் கோடுகளும் குறிப்போடு சேர்ந்தே பூட்டப்பட்டு, சேர்ந்தே திரும்பி வருகின்றன. சென்ற சித்திரையில் ஒரு கல்யாணப் பெண் வரைந்த மயில் கழுத்தைப் போன மாதம் அவர் தங்கைக்காக எடுத்துப் பார்த்தேன். அவர் விரல் நடுங்கிய இடம்கூட அப்படியே இருந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் பழைய அலைபேசியைத் துடைத்து, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து பார்க்கிறேன். இதுவரை மூன்று முறை. இரண்டாவது முறை கடவுச்சொல்லில் ஓர் எழுத்தைத் தாளில் தவறாகப் படியெடுத்திருப்பது தெரிந்தது, பீரோவில் இருந்ததையும் தஞ்சாவூரில் இருந்ததையும் திருத்தினேன். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறு உண்மையான நெருக்கடி நாளில்தான் தெரிந்திருக்கும்.

காசு இல்லை, பூட்டு நன்றாக இருக்கிறது, திரும்பக் கொண்டுவருவது என்னால் தனியாக முடிகிறது. மருத்துவக் குறிப்பு வைத்திருப்பவர்கள், பாட்டு டீச்சர்கள், கடன் கணக்கு எழுதுபவர்கள், பிறர் நம்பிக் கொடுத்த விவரம் எதையும் அலைபேசியில் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி இதை அமைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகும் பட்டியல் மட்டும் எழுதுபவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை, கீப் போதும்.

2025 தீபாவளி அக்டோபர் 20-ல் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த அம்மாவின் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் துணி ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று. மேலே ஒரு துண்டுத் தாள். "அதே அளவு" என்று மட்டும் எழுதியிருந்தது. அலைபேசியைத் திறந்தேன், லைனிங்கைத் தண்ணீரில் போட்டேன்.